உட்கார்ந்து போகும் ஊர்

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்பார்கள். ஆறு பெருகினால் வெள்ளம் எதுவரை ஏறும், பள்ளிக்கூடம் பக்கமா, சமையலறை எந்தத் திசை என்று கேட்பார்கள். சுலபா தெர்வண்கர் கேட்டது ஒன்றுதான்.

“காலைல ஏழு நாலு இங்கேருந்துதானே கிளம்புது?”

ஜகன் போயிர் கம்பி நீட்டிக்கொண்டிருந்த தூண்களுக்கு நடுவில் நின்று அறைகளின் அளவு சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இடம் முன்பு அவன் சித்தப்பாவின் நெல்வயல். இப்போது அதில் அவன் வீடு விற்கிறான். பேச்சை நிறுத்தி, “என்ன ஏழு நாலு, வஹினி?” என்று அண்ணி முறை வைத்துக் கேட்டான்.

“வண்டி. தாதர் போற வண்டி. இங்க காலியா வந்து நிக்குமா, இல்ல கர்ஜத்லேருந்தே ரொம்பி வருமா?”

“அதுவா. பத்லாபூர்லதான் கிளம்புது. கால் நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்.”

“படுக்க வேணாம். உட்கார்ந்தாப் போதும்.”

அவள் கணவர் மோரேஷ்வர் அடுக்கி வைத்திருந்த செங்கலில் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். “மழையில இங்க தண்ணி ஏறுமாய்யா?”

“அஞ்சாவது மாடிக்கு ஏறிச்சுன்னா கீழ ஊரே இருக்காது பாவ். நீங்க ஏன் கவலைப்படறீங்க?”

மோரேஷ்வர் மேலும் சில கேள்விகள் கேட்டார். சுலபா கேட்கவில்லை. தூண்களுக்கு அப்பால் தெரிந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். டோம்பிவ்லியில் ஏறித் தாதரில் இறங்கும் வழித்துணை எங்களுடையது. ஒரே வண்டி, ஒரே பெண்கள் பெட்டி, அதற்குள் எட்டு வருஷம். கூட ஒருத்தி இருந்தால் விலை பேசத் தைரியம் வரும் என்று என்னை அழைத்திருந்தாள். விலை பேச ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்தே ஜகன் விலையை முடிவு செய்துவிட்டான்.

அப்போது சுலபாவுக்கு நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றில் பாதியை அவள் நின்று கழித்திருந்தாள்.

தாதர் மேற்கில் ரவிக்கைத் துணி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. மேட்சிங் சென்டர் என்று வாசலில் போர்டு. உள்ளே மூன்று சுவர்களிலும் கூரைவரை துணிச் சுருள்கள். புடவையைப் பையிலிருந்து பாதி வெளியே எடுக்கும்போதே சுலபா திரும்பி ஒரு சுருளை உருவிவிடுவாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று அடம்பிடிக்கும் பெண்கள் வாசல்வரை போய், பேசாமல் திரும்பி வந்து பணம் கட்டுவார்கள். பச்சையில் மட்டும் நாற்பது வகை அவளுக்குத் தெரியும். அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலி ஒன்றுதான் நாற்காலி. விற்கும் பெண்கள் ஐந்து பேருக்கும் ஸ்டூல்கூடக் கிடையாது. ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்கள்.

“உட்கார்ந்திருக்கிற பொண்ணப் பாத்தா கடையில வியாபாரம் இல்லன்னு நினைப்பாங்க,” என்றார் சேட். “நீங்க நின்னாத்தான் கடை நிக்கும்.”

வீடு டோம்பிவ்லி கிழக்கில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், பொதுக் கழிப்பறை வைத்த வரிசை வீடுகளான ஒரு சாலில் இரண்டு அறை. மாமியார், கொழுந்தன், அவன் மனைவி, அவர்கள் பையன்கள் இரண்டு பேர், இவர்கள் இரண்டு பேர், இவர்கள் மகள் ருதுஜா. ஒரு கட்டில், அதில் மாமியார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவை ஆண்களுக்கு. தரையில் பிள்ளைகளின் புத்தகங்கள். சுலபா இரவு எட்டரைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பு மேடைக்குப் போவாள். அது இடுப்பு உயரத்துக்குக் கட்டிய மேடை. நின்றுதான் சமைக்க வேண்டும்.

“பகல்ல நான் உட்கார்றது ரெண்டே எடம். அதுல ஒண்ணு சாப்பாடு,” என்று ஒருநாள் வண்டியில் சொன்னாள்.

“இன்னொண்ணுக்கும் உங்க சால்ல வரிசைல நிக்கணுமே,” என்றாள் ஜோத்ஸ்னா. அவள் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பெட்டியில் வாய் அவளுடையது. பெட்டியே சிரித்தது. சுலபாவும் சிரித்தாள்.

முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவர் அழுத்தமான காலுறை எழுதிக் கொடுத்து, “அதிகமா நிக்காதீங்க,” என்றார். இதை எங்களிடம் சொல்லிவிட்டு, “அவர் எந்த ஊர்க்காரர்னு கேக்க மறந்துட்டேன்,” என்றாள்.

எங்கள் வண்டியில் ஏறியதும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. உட்கார்ந்திருப்பவளிடம் குனிந்து, “எங்க இறங்கணும்?” என்று கேட்க வேண்டும். தாணே என்று அவள் சொன்னால், தாணேயிலிருந்து அந்த இடம் கேட்டவளுடையது. வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கண்ணை மூடித் தூங்குகிறவளைக்கூட எழுப்பிக் கேட்கலாம், தப்பில்லை. டோம்பிவ்லி வருவதற்குள் தாணே இடங்களையும் காட்கோபர் இடங்களையும் கல்யாண்காரிகள் கேட்டு முடித்திருப்பார்கள். எங்களுக்கு மிச்சம், தாதருக்கு முந்தின நிறுத்தமான குர்லா இடங்கள். குர்லா இடத்தைத் தாதரில் இறங்குகிற யாரும் கேட்கமாட்டார்கள். குர்லா வருவதற்கு முன்பே எழுந்து வாசலுக்கு நகர்ந்து கூட்டத்தில் செருகிக்கொண்டால்தான் தாதரில் இறங்க முடியும். உட்கார்ந்திருந்தால் இறங்க முடியாது. இதெல்லாம் எங்கும் எழுதிவைத்ததில்லை. எழுதிவைத்திருந்தால் இத்தனை பேர் மதித்திருக்கமாட்டார்கள்.

மோரேஷ்வர் வேலை பார்த்த சாயக் கம்பெனியை மூடினார்கள். ஒரு தொகை கைக்கு வந்தது. வீடு வாங்குவது என்று ஆனதும் அவர் கல்வாவில் ஒரு பழைய வீட்டைப் பார்த்துவைத்தார். ஓர் அறையும் சமையலறையும். பத்லாபூரோடு பார்த்தால் தாதருக்குப் பாதி தூரம்.

“பாதி தூரம் சரி. கல்வாவுல வண்டில கால் வைக்க முடியுமா?” என்றாள் சுலபா. “அங்க வர்றதுக்குள்ள கதவுல தொங்கிட்டு வர்றாங்க. அஹோ, நான் தொங்கவா?”

“ஜனங்க வீடு பாப்பாங்க. இவ வண்டி பாக்கறா,” என்றார் அவர் என்னிடம்.

“வீட்டுல நான் எத்தனை மணி நேரம் இருக்கேன், சொல்லுங்க. தூங்கற நேரத்தக் கழிச்சுட்டுச் சொல்லுங்க.”

அவர் கணக்குப் பார்த்தார். கல்வா பேச்சை விட்டுவிட்டார்.

ஸ்டேஷன் புத்தகக் கடையில் நேர அட்டவணை வாங்கி, பத்லாபூரில் கிளம்பும் வண்டிகளுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள். காலையில் ஏழு வண்டி. அவள் கடைக்குச் சரியாக வருவது ஏழு நாலு. ஒன்றேகால் மணி நேரம், ஜன்னலோரம். திரும்பி வரும்போதும் கூட்டம் குறையக் குறையக் கல்யாணுக்கு அப்பால் இடம் கிடைக்கும். மற்றவர்கள் தூரம் கூடுகிறது என்று பயந்த இடத்தில் அவள் உட்காரும் நேரம் கூடுகிறது என்று கண்டாள். கையிலிருந்த நான்கு வளையலும் அதற்குப் போயின. நேர அட்டவணை வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். அதற்குள் ஊரும் மாறும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பத்திரம் பதிந்த மறுநாள் பெட்டியில் பேடா கொடுத்தாள்.

“பத்லாபூரா?” என்றாள் ஜோத்ஸ்னா. “அங்க புலி வருமாமே?”

“வரட்டும். அதுக்கும் வேலை தாதர்லதான் இருக்கும்.”

“அப்ப அதுவும் உட்கார்ந்துதான் வரும். நாங்கதான் டோம்பிவ்லில நிக்கறோம்.”

ஒன்றரை வருஷத்தில் முடியும் என்ற கட்டடம் மூன்று மழைக்காலம் எடுத்தது. சுலபா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பாள். ஒரு தடவை நானும் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் அவள் எதிர் நடைமேடைக்குப் போனாள். அங்கே ஒரு வண்டி காலியாக நின்றது. பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியில் முழங்கையை வைத்தாள். எதிரில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் இறங்கி, கட்டடத்தைப் பார்க்கப் போனோம். அங்கே மூன்றாவது மாடிதான் எழுந்திருந்தது. அவள் அதை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தாள். போகலாம் என்றாள்.

குடிபோனபோது லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் அதன் குறுக்கே ஒரு பலகையை ஆணி அடித்திருந்தார்கள். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. ஐந்து மாடி ஏறி வாஸ்து சாந்திக்குப் போனவர்கள் முதலில் தண்ணீர் கேட்டார்கள், பிறகுதான் வீட்டைப் பார்த்தார்கள். மோரேஷ்வர் ஜகனைப் பிடித்துச் சத்தம் போட்டார்.

“லிஃப்ட் எங்கய்யா?”

“வரும் பாவ். கரன்ட் இணைப்பு வரணும், ஒரு கையெழுத்து பாக்கி.”

“வஹினிக்குக் கால் சரியில்ல, தெரியுமில்ல?”

“வஹினி என்கிட்ட லிஃப்ட் கேக்கலியே,” என்றான் ஜகன். “அவங்க வண்டி கேட்டாங்க. வண்டி இருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க வஹினி.”

“இருக்கு,” என்றாள் சுலபா.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த முதல் திங்கட்கிழமை டோம்பிவ்லியில் நான் ஏறினபோது அவள் ஜன்னலோரம் இருந்தாள். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, வெறும் பாதங்களை எதிர்ப் பெஞ்சின் கீழ்க் கம்பியில் பதித்திருந்தாள். மடியில் பை. பக்கத்து இடத்தில் ஒரு கைக்குட்டை, எனக்காக. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினோரு வருஷம் போய்வந்த பாதையில் வெளியே என்ன இருக்கிறது என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு அடுத்தவளின் முதுகுதான் தெரியும்.

கூட்டம் மிகுந்த நாட்களில் தாணேயில் எழுந்து, “நீ கொஞ்சம் உட்காரு,” என்பாள் ஜோத்ஸ்னாவிடம். எங்களில் உட்கார்ந்து வருகிறவள் பாதி வழியில் எழுந்து நிற்கிறவளுக்குக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தில் வாங்கிக்கொள்வதற்கு அவளுக்குப் பதினோரு வருஷத்தில் வாய்த்ததே இல்லை. கொடுப்பதற்கு மட்டும் இப்போது வாய்த்தது. கைக்குட்டை இடம் எனக்குப் பறிபோன நாட்களில் அவள் எழுந்து கொடுத்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் காலைப் பற்றி எனக்குத் தெரியும். நான் கண் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள்.

அவளைப் பார்த்து எங்கள் பெட்டியில் ஆசை வந்தது. விளம்பரப் பலகையில் நீச்சல் குளமும் நீல வானமும் போட்டிருந்தார்கள். அதை யாரும் நம்பவில்லை. ஒருத்தி தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வருவதை நம்பினார்கள். ஜோத்ஸ்னா வாங்கினாள். அவள் தங்கை வாங்கினாள். எங்கள் பெட்டியிலிருந்தே ஆறு பேர். சுலபா ஒவ்வொருவரையும் ஜகனிடம் அழைத்துப் போனாள். ஜகன் ஆளுக்கு ஒன்று என்று அவளுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தான். ஏழாவது ஆள் நான். பத்லாபூர் விலை அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

“அம்பர்நாத்ல வாங்கு,” என்றாள் சுலபா. “ஒரே ஸ்டேஷன்தான் வித்தியாசம். காலைல இந்தப் பக்கம் வர்ற வண்டில ஏறி பத்லாபூர் வந்துடு. ஏழு நிமிஷம். இறங்காத, அதே வண்டிதான் திரும்பும். உட்கார்ந்தபடியே தாதர் வந்துடலாம்.”

“பத்லாபூர்க்காரிங்க விடுவாங்களா?”

“யாரு, நாங்களா?” என்று சிரித்தாள். “நான் இருக்கேன், வா.”

அம்பர்நாத்தில் வாங்கினேன். அவள் சொன்ன மாதிரியே செய்தேன். ஏழு நிமிடம். நான் கைக்குட்டை போட்டு வைத்திருப்பேன், பத்லாபூரில் அவள் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். ஜன்னலோரம் அவளுக்கு. டோம்பிவ்லி வரும்போது நின்றுகொண்டு ஏறும் முகங்களைப் பார்ப்போம். இப்படி ஒரு வருஷம் போனது. அந்த வருஷத்தை வைத்து யாராவது கேட்டால் பத்லாபூர் நல்ல ஊர் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஜகனின் சித்தப்பா வயலைத் தொட்டு இருந்த வயல்களிலும் தூண்கள் எழுந்தன. அதற்கு அப்பால் செங்கல் சூளை இருந்த இடத்தில் பதினான்கு மாடி. தீபாவளிக்கு ஒரு கட்டடத்தில் சாவி கொடுத்தால், மறு திங்கட்கிழமை ஏழு நாலில் எண்பது பேர் கூடுவார்கள். ஒவ்வொருத்தியும் அவள் வீட்டு விற்பனைக்காரனிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தவள். பகிர்ந்துபோகும் ஆட்டோவுக்கு வரிசை. அந்த வரிசைக்காக சுலபா ஆறேகாலுக்கு ஐந்து மாடி இறங்க ஆரம்பித்தாள். பிறகு ஆறு. பிறகு ஆறுக்கு முன்னால். வண்டி நிற்பதற்கு முன்பே இளம்பெண்கள் ஓடிக் குதித்து ஏறினார்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பையை முதலில் உள்ளே வீசிவிட்டு. நாற்பத்தேழு வயதில் வீங்கின காலோடு அது முடியாது. எல்லோரும் ஏறினபிறகு அவள் ஏறுவாள். என் கைக்குட்டை இருந்ததால் அதுவரை பிழைத்தாள்.

ஒரு ஜனவரியில் சண்டை வந்தது. சங்கராந்திக்கு மறுநாள், பெட்டியில் எள்ளுருண்டை கொடுத்து இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டது அதற்கு முந்தின நாள்தான். வண்டி பத்லாபூருக்குள் நுழைந்தபோது அம்பர்நாத்திலும் உல்லாஸ்நகரிலும் ஏறித் திரும்புகிறவர்களால் எல்லாப் பெஞ்சுகளும் நிறைந்திருந்தன. நடைமேடையில் நின்றவர்கள் வாசலை மறித்தார்கள்.

“இறங்குங்க. இறங்கி ஏறுங்க. இது எங்க ஊர் வண்டி.”

“பாஸ் இருக்கு, பாத்துக்கோ. அம்பர்நாத்லேருந்து போக வர காசு கட்டியிருக்கேன்.”

“காசு கட்டினா? வீடு நாங்க இங்க வாங்கியிருக்கோம், உனக்கு சொகுசா?”

கத்தியவர்களில் ஜோத்ஸ்னா இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் குரல் தாழ்ந்தது, பிறகு வேறு பக்கம் திரும்பிக் கத்தினாள். சுலபா அவர்களுக்குப் பின்னால் நின்றாள், கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறி என்னருகே வந்தாள். நான் கைக்குட்டையை எடுத்தேன். அதற்குள் ஒரு பெண் குறுக்கே கையை வைத்தாள். புதுக் கட்டடத்தில் இருப்பவள், முப்பது வயது இருக்கும்.

“இது யாருக்கு?”

“இவங்களுக்கு. கால் சரியில்ல.”

“எனக்கும்தான் சரியில்ல. கைக்குட்டையெல்லாம் இனிமே கிடையாது, எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியாச்சு.” கைக்குட்டையை என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு, கோபமில்லாமல், நியாயம் சொல்கிற குரலில், என்னைச் சித்தி முறை வைத்துச் சொன்னாள். “காகூ, உங்க இடம் உங்களுது. இறங்காம வந்திருக்கீங்க, நான் ஒண்ணும் கேக்கல. காலு சரியில்லாதவங்களுக்கு நீங்க எழுந்து குடுங்க, யாரு வேணாங்கறா? ஒண்ணு நீங்க உட்காருங்க, இல்ல அவங்கள உட்கார வைங்க. ரெண்டும் நடக்காது.”

சுலபா என்னைப் பார்க்கவில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பதற்குக் குனிந்தாள். எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். கல்யாணில் எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். தாணேயில் நினைத்தேன். மாலையில் நான் திரும்பி வரும்போது நிற்க வேண்டும், எனக்கும் நாற்பத்தைந்து, முதுகு இருக்கிறது. காட்கோபரில் நான் எழுந்து வாசலுக்கு நகர்ந்தபோது, அவளும் என் பின்னால் வந்து நின்றாள். தாதரில் இறங்கி, “வரேன்,” என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

அடுத்த நாளிலிருந்து அவள் வேறு பெட்டியில் ஏறினாள்.

மோரேஷ்வருக்கு அந்த வருஷம் வேலை கிடைத்தது. பதினான்கு மாடிக் கட்டடத்தின் வாசலில் காவல். ஒரு குடையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அவரைப் பார்த்தேன். சுலபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“இப்ப அஞ்சே முக்காலுக்குக் கிளம்பறா. எதிர்ப்பக்கம் வாங்கணிவரை போயி, கர்ஜத்லேருந்து வர்ற வண்டியப் பிடிச்சுப் பாக்கறா. ஒருநாள் எடம் கிடைக்குது, நாலு நாள் இல்ல. நேர அட்டவணைய இன்னும் வெச்சிருக்கா.”

“வீட்ட வித்துட்டு கல்வா பக்கம் போகலாமே?”

“நானும் சொன்னேன்.” அவர் நாற்காலியை எனக்காக நகர்த்தினார். நான் உட்காரவில்லை. “வித்துட்டு, வாங்கணிக்கும் அப்பால நேரல் ஸ்டேஷன் பக்கம் வாங்கலாங்கறா. அங்கேருந்து வண்டி விடப் போறாங்களாம். ஜகன் அங்கயும் கட்டடம் போட்டிருக்கான்.”

“லிஃப்ட் வந்துடுச்சா?”

“பலகைய மாத்தினாங்க,” என்றார். “மழையில ஊறிப்போச்சு.”

ஜூலையில் ஒருநாள், இரவெல்லாம் மழை. வண்டிகள் தாமதம், வாங்கணி பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், எதுவும் வரவில்லை. பத்லாபூர் நடைமேடையில் மூன்று வண்டிக் கூட்டம் நின்றது. எங்கள் வண்டி நுழைந்து நின்றபோது அந்தக் கூட்டம் அப்படியே உள்ளே ஏறியது. அந்தத் தள்ளலில் சுலபா எங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டாள். அவளாக வந்திருக்கமாட்டாள். நான் ஜன்னலோரம், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில். அவள் முழங்கால்கள் என் முழங்கால்களில் இடித்தன. நனைந்த புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். காலுறையின் மேல் விளிம்புக்கு மேலே சதை பிதுங்கியிருந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு அருகில் பார்த்தேன். என் முகத்தைச் சில நொடி பார்த்தாள். கொஞ்சம் குனிந்தாள்.

“எங்க இறங்கணும்?” என்றாள்.

பதினான்கு பதினைந்து வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே வாசலில் இறங்கியிருக்கிறோம். அவள் குரலில் குத்தல் இல்லை. அப்படி இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

“தாதர்,” என்றேன்.

தலையாட்டினாள். எனக்கு அடுத்திருந்தவளிடம் கேட்டாள். தாணே என்றாள் அவள், அந்த இடத்தை முன்பே ஒருத்தி கேட்டுவிட்டாள். அதற்கடுத்தவள் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்து, “குர்லா,” என்றாள்.

“யாராவது கேட்டிருக்காங்களா?”

“குர்லா எடத்த யாரு கேப்பாங்க?”

“சரி, எனக்கு,” என்றாள் சுலபா. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்பர்நாத், கல்யாண், டோம்பிவ்லி. ஒவ்வொன்றிலும் கூட்டம் அவளை ஒரு பக்கம் சாய்த்தது, பிறகு நிமிர்த்தியது. என் பையில் டிபன் டப்பா சூடாக இருந்தது. தாணேயில் இடம் மாறியது, வேறொருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காட்கோபர் தாண்டினதும் நான் எழுந்தேன். என் இடத்தை முதலிலேயே கேட்டுவைத்திருந்த பெண், தாதர் தாண்டிக் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்டிவரை போகிறவள், அதில் உட்கார்ந்தாள். நான் வாசல் கூட்டத்தில் செருகிக்கொண்டேன். பின்னால் சுலபா வருகிறாளா என்று திரும்பினேன். அவள் நகரவில்லை.

குர்லாவில் அந்தப் பெண் எழுந்தாள். சுலபா உட்கார்ந்தாள்.

“சுலபா,” என்று வாசலிலிருந்து கூப்பிட்டேன். “தாதர் வருது. எழுந்து வா.”

கூட்டத்தில் கேட்டதோ இல்லையோ. தாதரில் கூட்டம் என்னை வெளியே தள்ளியது. நடைமேடையில் ஓரமாக நின்று ஜன்னல்களைப் பார்த்தேன். வண்டியில் பாதி காலியாகிவிட்டது, அவளைச் சுற்றி நிற்க யாரும் இல்லை. அவள் குனிந்து ஒவ்வொரு செருப்பாகக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். ஈரப் பாதங்களை எதிர்ப் பெஞ்சின் கீழ்க் கம்பியில் வைத்தாள்.

எட்டரைக்குத் திறக்கும் அவள் கடையில், எவ்வளவு மழையானாலும் பத்தே காலுக்கு மேல் வந்தால் அரை நாள் சம்பளம் போகும். அன்று வண்டி தாதர் வந்து சேர்ந்தபோதே மணி பத்து பத்து.

வண்டி நகர்ந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.